தாத்தா சோறு

நவம்பர் 14, செவ்வாய்

இன்று டிஸ்சார்ஜ். வரும் வழியெல்லாம் மித்ரா கார் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு பேசிக்கொண்டே வந்தாள். அவிநாசி தாண்டியதும் ரோட்டோரம் ஓர் எருமை நின்றது. அதற்கு இன்றைக்கு ஸ்கூல் லீவாம். மூன்றரை வயதுக்கு இவ்வளவு வாய் ஆகாது என்று அத்தை வாசலிலேயே நிறுத்தி உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். போன வாரம் பிறந்தநாள் வீட்டில் பால்கோவா தின்றுவிட்டு, மறுநாள் ஈரத்துணி போலத் துவண்டு கிடந்த பிள்ளை இதுதான்.

நோயின் பெயர் நீளம். இங்கே எழுதிப் பார்த்துவிட்டு அடித்துவிட்டேன். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். சாப்பாட்டில் இருக்கும் புரதத்தை உடம்பு உடைக்கும்போது ஒரு கழிவு வரும். மற்றவர்களுக்கு அது சிறுநீரில் போய்விடும். இவளுக்குப் போகாது. ரத்தத்தில் தேங்கும். தேங்கினால் மூளைக்கு விஷம்.

"இந்தத் தடவை தப்பிச்சுட்டா. எல்லாத் தடவையும் தப்பிக்க முடியாதும்மா. மூளையில போனது திரும்பாது. பருப்பு, பால், முட்டை, கறி கூடவே கூடாது. சோறும் எடை போட்டுத்தான். எதுலயாச்சும் சந்தேகம் வந்தா எந்த நேரமும் போன் பண்ணுங்க."

தினமும் அவளிடம் ஏதாவது கேள்வி கேட்டுப் பார்க்கச் சொன்னார். பேர் என்ன, இது என்ன கலர், அந்த மாதிரி. பதில் குழறினால் உடனே ஓடி வர வேண்டும்.

பிறகு தலையைத் தூக்காமலே, "சொந்தத்துல கல்யாணமா?" என்றார்.

"அத்தை பையன்தாங்க, தினகரன்" என்று பக்கத்தில் இருந்த மாமாவைக் காட்டினேன். எழுதிக்கொண்டார். மாமா ஜன்னலைப் பார்த்தார்.

வீட்டில் அத்தை கேட்டார்: "ஊரு ஒலகத்துல இல்லாததையா நாங்க பண்ணீட்டோம்? என்ற தம்பி புள்ளைய நான் எடுக்காம வேற யாரு எடுப்பா?"

மித்ராதான், "என்னை யாரு எடுப்பா?" என்று கேட்டுக் கையைத் தூக்கினாள். மாமா எடுத்துக்கொண்டார்.

நவம்பர் 15, புதன்

சோமனூருக்குப் போன் செய்தேன். தறி ஓடும் நேரத்தில் அப்பாவிடம் பேசுவது தேர்க்கூட்டத்தில் நின்று பேசுவது மாதிரி. இரண்டு பேரும் கத்த வேண்டும்.

"என்ன சாமி சொன்னாங்க?"

"பருப்பு ஆகாதுங்ப்பா. பால், முட்டை, கறி ஒண்ணும் ஆகாது."

"அப்பறம் என்னத்தத் திங்கும் புள்ள?"

"காயெல்லாம் குடுக்கலாமுங்ப்பா. காய், பழம், கொஞ்சம் சோறு."

"அரிசிம்பருப்பு?" என்றார்.

"அதுல பாதி பருப்புதானேங்ப்பா."

"செரி சாமி. நூல் அறுந்துருச்சு, வெக்கிறேன்."

நூல் அறுந்திருக்காது. எனக்குத் தெரியும்.

அப்பாவுக்குத் தெரிந்த ஒரே சமையல் அரிசிம்பருப்பு. அம்மா ஸ்பின்னிங் மில்லில் இருந்தாள். அவளுக்குப் பகல் ஷிப்டு என்றால் வீட்டில் அப்பாவும் நானும்தான். தறி ஓடும்போது அவர் அந்தத் தறிக்குடோனை விட்டு நகர மாட்டார். கரண்ட் போனால்தான் அடுப்பங்கரைக்கு வருவார். அரிசி, துவரம்பருப்பு, ஒரு கை சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், வரமிளகாய், மஞ்சள். எல்லாம் ஒரே குக்கரில். தொட்டுக்கொள்ள ஒன்றும் வேண்டாம், பாத்திரமும் ஒன்றுதான். நடுவில் கரண்ட் வந்துவிட்டால் ஓடிவிடுவார். சத்தத்தில் விசில் அவருக்குக் கேட்காது. நான் குடோன் வாசலில் நின்று கையை ஆட்டுவேன். அவர் தலையை ஆட்டுவார். நான் போய் அடுப்பை அணைப்பேன். நான் படித்த முதல் சமையல் அந்த அடுப்பை அணைத்ததுதான்.

இன்றைக்கும் கரண்ட் போனால் எனக்கு வாய் ஊறும். மாமா சிரிப்பார்.

மித்ராவுக்கு ஊட்டிய முதல் சோறும் அதுதான். அப்பா வட்டலில் நெய் விட்டு மசித்துக்கொண்டே இருக்க, நாங்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கை தட்டினோம். தாத்தா சோறு என்று அவளே பேர் வைத்தாள்.

நவம்பர் 19, ஞாயிறு

தராசு வந்தது. நகைக்கடைத் தராசு போலச் சின்னது. சோற்றை எடுத்து எடுத்து வைத்தேன். மித்ரா தானும் அதில் ஏறி உட்காருவேன் என்று அழுதாள்.

நவம்பர் 26, ஞாயிறு

ஒரு யோசனை வந்தது. பருப்பில்லாமல் அரிசிம்பருப்பு. அளந்த அரிசி, நிறையக் காரட் துருவல், மஞ்சள் கூடுதலாக. சீரகமும் பூண்டும் சின்ன வெங்காயமும் அதே மாதிரி. குக்கரைத் திறந்தபோது வாசனை கிட்டத்தட்ட வந்துவிட்டது. நிறமும்கூட. மாமாவே எட்டிப்பார்த்து, "ஏய், இவளுக்கு ஆகாதே?" என்று பயந்தார்.

மித்ரா ஒரு வாய் வாங்கினாள். வாயிலேயே வைத்திருந்தாள். பிறகு என் உள்ளங்கையிலேயே துப்பினாள்.

"இது தாத்தா சோறு இல்ல."

"தாத்தா சோறுதான் தங்கம். அம்மா செஞ்சேன்."

"நீ செஞ்சா அது அம்மா சோறு. நீ பொய் சொல்ற."

அத்தை என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "அப்படியே உங்கப்பன் நாக்கு! சின்னதுல உப்பு ஒரு கல்லு கம்மியானா வட்டலைத் தள்ளிப்போட்டுட்டு எந்திரிச்சுப் போயிருவான்."

இரண்டாவது வாய்க்கு வாயைத் திறக்கவே இல்லை. மூன்று ஆப்பிள் துண்டோடு படுத்துவிட்டாள். எனக்கு அழுகை வந்தது. இப்படி ருசி கண்டுபிடிக்கிற பிள்ளைக்கு மூளை சரியாகத்தானே இருக்கிறது என்று கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

டிசம்பர் 2, சனி

"இது என்ன கலர்?"

"உனக்குத் தெரியாதாம்மா?"

டிசம்பர் 13, புதன்

எடை குறைந்திருக்கிறது. சோறு, பீர்க்கங்காய், சோறு, சுரைக்காய். எனக்கே பார்த்தால் குமட்டுகிறது. டாக்டரம்மா எழுதிக்கொடுத்து அவளுக்காகத் தருவித்த சத்துப்பொடியைக் கரைத்தால் பழைய பெயின்ட் வாசனை. மூக்கைப் பிடித்து ஊற்றுகிறோம். அத்தை அவள் காலைப் பிடித்துக்கொள்வார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கோயிலுக்குப் போய்விடுவார்.

இன்று கீரை ஆய்ந்துகொண்டே அத்தை சொன்னார், யாரிடமோ சொல்வது போல: "தினகரனுக்கு முன்னால எனக்கு ஒண்ணு பொறந்துச்சு. நல்லாத்தான் பால் குடிச்சுது. ஒரு வாரத்துல துவண்டு, போய்ச் சேந்துருச்சு. ஏதோ சீர் தட்டுன தோசமுன்னாங்க."

"மாமாவுக்குத் தெரியுமாங்த்தை?"

"தெரிஞ்சு என்ன ஆகுது? உங்க மாமனாரும் எனக்குச் சொந்தந்தான்."

அதற்கப்புறம் கீரைத்தண்டை ரொம்ப நேரம் நறுக்கினார்.

ஜனவரி 5, வெள்ளி

நோய் எங்களிடமிருந்து வந்ததா என்று பார்க்க, மாமாவும் நானும் ரத்தம் கொடுக்கக் கோவை வர வேண்டுமாம். செவ்வாய்க்கிழமை. மித்ராவுக்கு மூக்கு ஒழுகுகிறது. ஆஸ்பத்திரிக் கூட்டத்துக்கு அவளைக் கூட்டிப்போக வேண்டாம் என்றார் மாமா. அத்தை அன்றைக்கு அவிநாசியில் ஒரு சீர் விசேஷத்துக்குப் போகிறார்.

அப்பாவே சொன்னார்: "செவ்வாக்கெழம இங்க மாசாந்திரக் கரண்ட் கட்டு. தறி ஓடாது. கொண்டாந்து உட்டுட்டுப் போ சாமி. நான் பாத்துக்கிறேன்."

ஜனவரி 9, செவ்வாய்

காலையில் சோமனூரில் விட்டோம். குடோன் அமைதியாக இருந்தது. மித்ரா ஒவ்வொரு தறியையும் தொட்டு, "தூங்கு, தூங்கு" என்று சொல்லிக்கொண்டே போனாள். அளந்த சோற்றை டப்பாவில் வைத்திருந்தேன். பொடியை எப்படிக் கரைப்பது என்று அப்பாவுக்குச் செய்து காட்டினேன்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கவே சாயங்காலம் ஆகிவிட்டது. திரும்பி வந்து பார்த்தால், அப்பா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. அம்மா போனதற்கப்புறம் அந்தச் சிரிப்பை நான் பார்க்கவில்லை.

"தின்னுட்டா சாமி! ரெண்டு தடவ வாங்கித் தின்னா! வட்டலை வழிச்சு நக்கிட்டா!"

"என்னத்தைங்ப்பா?"

"தாத்தா சோறு. பயப்படாத, பருப்பு ஒண்ணுகூடப் போடல. பச்ச அவரைக்கா வாங்கியாந்து உரிச்சுக் கொட்டையப் போட்டேன். மார்கழி அவரை, வெண்ணையாட்ட வெந்துருச்சு."

மித்ரா என் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "இதுதான் தாத்தா சோறு. உனக்குச் செய்யத் தெரியல" என்றாள். உதட்டோரம் மஞ்சளாக ஒட்டியிருந்தது. எவ்வளவு நாளாயிற்று, என் பிள்ளையின் வயிறு இப்படி நிறைந்து.

குக்கரில் அடிப்பிடித்ததை நானும் மாமாவும் சுரண்டிச் சாப்பிட்டோம். பருப்பு இல்லாத குறையே தெரியவில்லை. டாக்டருக்குப் போன் பண்ணலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். மணி ஏழாகிவிட்டது. இதற்கெல்லாமா என்று இருந்தது. அவரைக்கொட்டை, காய்தானே.

பஸ்ஸில் என் மடியிலேயே தூங்கிவிட்டாள்.

ஜனவரி 10, புதன்

எழுந்திருக்க நேரமாயிற்று. பஸ் அலைச்சல். சளியும் இருக்கிறது. பத்து மணிக்கு ஒரு தடவை வாந்தி. பொடி ஒத்துக்கொள்ளவில்லை போல.

மதியம். "இது என்ன கலர்?" என்று கேட்டேன். யோசித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். தூக்கக் கலக்கம்.

கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. மாமாவைக் கம்பெனியிலிருந்து வரச் சொல்லிவிட்டேன்.

ஜனவரி 12, வெள்ளி

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள். வாயில் குழாய். ரத்தத்தைச் சுத்தம் பண்ணுகிற மெஷின் ஓடுகிறது. அது தறி மாதிரி இல்லை. சத்தமே இல்லை.

டாக்டரம்மா கூப்பிட்டுக் கேட்டார். பக்கத்தில் மாமா, அத்தை. அப்பா கதவோரம், கையில் மஞ்சப்பையோடு.

"என்ன சாப்பிட்டா?"

சொன்னேன்.

"அவரைக்கொட்டையும் பருப்பு மாதிரிதானம்மா. பிஞ்சா இருந்தா காய். கொட்டை முத்திட்டா அதுல முழுக்க அதேதான். நீங்க படிச்சவங்க."

"எங்கப்பா என்னைக் கேக்கலைங்க டாக்டர்."

"உங்களுக்கு எப்போ தெரிஞ்சுது?"

"புதன்கெழமதான். வாந்தி எடுத்தப்பறம்."

"செவ்வாய்க்கிழமை சாயங்காலமே சொல்லியிருந்தா உடனே அட்மிட் பண்ணியிருக்கலாம். சளியும் சேர்ந்துக்கிச்சு. பார்ப்போம்."

மாமா என்னைப் பார்த்தார். அவர் அன்றைக்குக் களைப்பாக இருந்தார், அப்பா சொன்னது அவர் காதில் விழுந்ததோ என்னவோ.

வெளியே வந்ததும் அத்தை அப்பாவின் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"ஏண்டா ஆறுச்சாமி, உனக்கு அந்தச் சோத்த உட்டா வேற கெதியே இல்லையா? அந்தப் புள்ள வாயில மண்ணப் போட்டுட்டயேடா! ஒரு வார்த்த உன்ற மகளக் கேட்டயா?"

அப்பா பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். என்னைப் பார்த்தார்.

"கேக்கலக்கா" என்றார்.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். ஆஸ்பத்திரி கேன்டீனில் எல்லோருக்கும் ஒரு கரண்டி சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். வாங்கி, பிறகு எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.

ஜனவரி 27, சனி

கண் திறந்திருக்கிறாள். நான் குனிந்தால் என் முகத்தைத் தாண்டி எங்கோ பார்க்கிறாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சில நேரம் திரும்புகிறாள், கதவுச் சத்தத்துக்குத் திரும்புவது மாதிரி.

பேச்சு வருமா என்று மாமா கேட்டார். டாக்டரம்மா ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வைத்து, எங்கெங்கே வெளுத்திருக்கிறது என்று காட்டினார். நிறைய இடத்தில் வெளுத்திருந்தது.

"விழுங்கப் பழகிப்பா. உட்காரவும் பழகலாம். மத்தது பத்தி நான் உங்களுக்கு ஆசை காட்டக் கூடாது."

எங்கள் ரத்த ரிசல்ட்டும் வந்துவிட்டது. அந்தக் குறை இரண்டு பேரிடமும் ஒளிந்து இருக்கிறதாம். "நீங்க கொடுத்தீங்கன்னு நினைக்காதீங்க, உங்களுக்கும் மேல இருந்து வந்ததுதான்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

பிப்ரவரி 9, வெள்ளி

வீடு. துணி மாற்றுவது, எச்சில் துடைப்பது, ஸ்பூனில் கஞ்சி. முக்கால்வாசி வெளியே வழிகிறது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து உட்கார்ந்து என்னையே பார்க்கிறார்கள். யாரும் பேசாவிட்டால் வீடு இவ்வளவு பெரிதா என்று இருக்கிறது.

தினமும் கலர் கேட்கிறேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

பிப்ரவரி 18, ஞாயிறு

அப்பா வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே நின்றார். அத்தை உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கூடப் பிறந்த தம்பிக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை. நான்தான் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

மித்ராவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இளைத்துவிட்டார். கரண்ட் கட் அன்றைக்கு என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டேன். பேக்கரியில் பன் வாங்கிக்கொள்வாராம்.

"அன்னிக்கு நீ போன்ல காயெல்லாம்..." என்று ஆரம்பித்தார்.

"என்னங்ப்பா?"

டம்ளரைக் கீழே வைத்தார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஒண்ணுமில்ல சாமி. தறிச் சத்தத்துல எனக்குத்தான் ஒண்ணும் செரியாக் கேக்கல."

ஆமாம். அந்தத் தறிச் சத்தத்தில் யாருக்குத்தான் என்ன கேட்கும்? அப்படித்தான் இருக்க வேண்டும்.

பஸ் ஸ்டாப் வரை மாமா கொண்டுபோய் விட்டுவந்தார். நான் போகவில்லை. மித்ராவுக்குத் துணி மாற்ற வேண்டியிருந்தது.

மார்ச் 5, செவ்வாய்

சோமனூர் போனோம். மாமாதான் பிடிவாதமாகக் கூட்டிப்போனார். "அந்த மனுசன் பன்னத் தின்னே செத்துருவாரு" என்றார். அத்தையும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வண்டியில் ஏறினார்.

மித்ராவை நாற்காலியில் உட்கார வைத்து, சாயாமல் இருக்க இரண்டு பக்கமும் துண்டைச் சுருட்டி வைத்தேன். குடோன் வாசலைப் பார்த்த மாதிரி போட்டேன். ஆறு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. அவள் முகத்தில் ஒன்றும் இல்லை.

ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. தறிகள் ஒவ்வொன்றாக மூச்சை விட்டு நின்றன. தூங்கு, தூங்கு என்று யாரும் சொல்லவில்லை.

அப்பா எழுந்தார். பழக்கம். அடுப்பங்கரை வாசல் வரை போய் நின்று, மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டார்.

நான் போனேன். தராசை எடுத்துப் போயிருந்தேன். அளந்த அரிசி. காரட் துருவல், மஞ்சள் கூடுதலாக. சின்ன வெங்காயம் உரித்தேன். பூண்டு, சீரகம், ஒரு வரமிளகாய். பருப்பில்லை, கொட்டையில்லை, ஒன்றுமில்லை. நவம்பரில் அவள் என் உள்ளங்கையில் துப்பிய அதே சோறு.

விசில் வந்தது. சத்தமில்லாத வீட்டில் அது ரொம்பப் பெரிதாகக் கேட்டது. அப்பா திடுக்கிட்டுத் திரும்பினார். அவர் குக்கரின் விசிலை இத்தனை வருஷத்தில் எத்தனை தடவை கேட்டிருப்பாரோ.

மூடியைத் திறந்தபோது மித்ராவின் மூக்கு அசைந்தது. நான் பார்த்தேன். தலை கொஞ்சம் திரும்பியது. வாய் திறந்தது, தானாகவே. பறவைக் குஞ்சு திறப்பது மாதிரி.

"தம்பி, இங்க பாருடா!" என்று அத்தை கத்தினார். இரண்டு மாதத்தில் அப்பாவிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது. "வாயத் தொறக்கறாடா! ஞாவகம் இருக்குதுடா அவளுக்கு!"

மசித்து ஊட்டினேன். விழுங்கினாள். மறுபடி திறந்தாள். எதுவும் வழியவில்லை. மாமா வாசலுக்குப் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். அத்தை அப்பாவின் தோளைப் பிடித்து உலுக்கினார். "தாத்தா சோத்த மறப்பாளாடா? உன்ற பேத்திடா!" அப்பா சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. வட்டலைப் பார்த்தார், பிறகு என்னை. அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பார்த்தாலே அவருக்குத் தெரியும்.

ஒவ்வொரு வாய்க்கும் ஸ்பூனைப் பிடித்தபடி காத்திருந்தேன். இரண்டாவது வாய்க்குக் காத்திருந்தேன். ஐந்தாவதுக்குக் காத்திருந்தேன். துப்பு தங்கம். நீ பொய் சொல்ற என்று சொல்லு.

வட்டல் முழுவதும் சாப்பிட்டுவிட்டாள். இது தாத்தா சோறு இல்லை என்று கடைசி வரை சொல்லவில்லை.